புத்தாக்கப் பணிகள் நிறைவு அறிக்கை: நிதி எங்கே போனது, ஏன் போனது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பகுதியைச் சீரமைக்க வந்த புத்தாக்க நிதியில் எடுத்துக்கொண்ட வேலைகள் முடிந்து, இறுதி அளவெடுப்பும் ஆகிவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் பில்களும் அளவுப் புத்தகத்தின் நகலும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். எதை ஏன் செய்தோம், எதை ஏன் விட்டோம் என்பது அந்தக் காகிதங்களில் இருக்காது என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

முதல் கூட்டத்தில் ஆசைகள் வரிசைகட்டி நின்றன: நுழைவாயில் வளைவு, சமுதாயக் கூடம், நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள், அதிலும் ஆண்கள். வாடகைக்கு இருப்பவர்கள், இரவு ஷிப்ட் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கண்ணில் படவே இல்லை. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொல்லாமல், ஒரு விடுமுறை நாளில் தெருத் தெருவாக நடந்தோம்.

கடைசித் தெருவில் ஓர் அம்மா வீட்டுச் சுவரைக் காட்டினார். ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். மேல் கோடு கட்டிலின் சட்டத்துக்கு மேலே இருந்தது. அடுத்த கூட்டத்தில் வளைவைப் பற்றிய பேச்சு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் ஓயவில்லை, அதுவும் நமக்குத் தெரியும்.

எந்த வேலைகளை எடுப்பது என்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்தோம். அதன் விதிகளை நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் பொதுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களும் சேர்ந்து முடிவெடுக்கும் பங்கேற்பு பட்ஜெட்டை 1989இல் தொடங்கியபோது, மக்களின் முன்னுரிமையோடு மக்கள்தொகையையும் அடிப்படை வசதிக் குறைவையும் சேர்த்தே நிதியைப் பிரித்தது. அதனால் கூட்டத்தில் சத்தமாகப் பேசிய பகுதிக்கே எல்லாம் போய்விடவில்லை. நாமும் தெருவாரியாகக் குறைகளுக்கு மதிப்பெண் போட்டு வாக்கோடு சேர்த்தோம். நியூயார்க்கில் இப்படிப்பட்ட வாக்கெடுப்பில் 11 வயதுப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். சிறுவர்களுக்கும் வாக்கு என்று இங்கே சொன்னபோது சிலர் சிரித்தார்கள். பள்ளி போகும் வழியில் எந்த விளக்கு எரிவதில்லை என்று சரியாகச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

நிதியில் பாதிக்கு மேல் மழைநீர் வடிகாலுக்குப் போனது. மண்ணுக்கடியில் மறைந்துவிடுவதால், 'இவ்வளவு பணத்தையும் எங்கே போட்டீர்கள்?' என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. வடிகால், குழாய், கேபிள் எல்லாம் முடிந்த பிறகே மேலே சாலை போட வேண்டும் என்பதில் குழு விட்டுக்கொடுக்கவில்லை. புதுச் சாலையைத் தோண்டி ஒட்டுப்போடுவதை எல்லோரும் போதுமான அளவு பார்த்தாயிற்று. மூடு பலகை போடும் முன் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்றோம். ஒப்பந்ததாரர் முகம் சுளித்தார். விட்டுப் பார்த்தால் திருப்பத்தில் தண்ணீர் குளமாக நின்றது, வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) எதிர்ப்பக்கமாக இருந்திருக்கிறது. அந்தப் பகுதியை உடைத்துத் தன் செலவிலேயே திரும்பக் கட்டிக்கொடுத்தார்.

நடைபாதைச் சரிவுகளும் கொஞ்சம் இழுத்தடித்தன. வரைபடத்தில் இருந்தபடி கட்டியிருந்தால் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால்தான் ஏறும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் மாற்றினோம். அதற்காக வண்டி நிறுத்தும் இடம் சற்றுக் குறைந்தது. இதில் வருத்தப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் குழுவின் கருத்து மாறவில்லை.

விளக்குகள், மரக்கன்றுகள், இருக்கைகள் எல்லாம் திட்டப்படி முடிந்தன.

சமுதாயக் கூடத்தை எடுக்கவில்லை. கட்டப் பணம் போதும், ஆனால் அதன் பிறகு மின்கட்டணத்துக்கும் காவலுக்கும் சுண்ணாம்புக்கும் யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. இங்கிலாந்தின் 'பிக் லோக்கல்' திட்டத்தில் 150 பகுதிகளுக்குத் தலா குறைந்தது 10 லட்சம் பவுண்டு கொடுத்து, குடியிருப்பவர்களே பெரும்பான்மையாக உள்ள குழுக்களிடம் முடிவை விட்டார்கள். செலவழிக்கப் பத்து ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. நிதியாண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும் என்ற நெருக்கடியில் எடுக்கும் முடிவு எப்போதும் கட்டடமாகத்தான் வந்து நிற்கும். நிதி விதிகள் அனுமதித்த அளவுக்கு ஒரு பங்கைப் பராமரிப்பு வைப்பாக ஒதுக்க முடிந்ததே இந்தத் திட்டத்தில் நாம் செய்த நல்ல காரியம் என்று குழு நினைக்கிறது.

ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்த பிறகே விடுவிப்போம். ஆகவே விரிசல், தண்ணீர் தேக்கம், ஆடும் மூடி எது கண்ணில் பட்டாலும் தெருப் பெயரோடும் படத்தோடும் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு சொன்னால் பலன் இருக்காது. அப்புறம், வடிகால் வலைக்குள் குப்பையைப் பெருக்கித் தள்ள வேண்டாம்.

பராமரிப்பு வைப்பில் யார் யார் கையெழுத்திடுவது, அதில் வாடகைக் குடியிருப்போர் தரப்பிலிருந்து ஒருவர் இருக்க வேண்டுமா என்ற இரண்டு தீர்மானங்கள் அடுத்த பொதுக்குழுவில் வருகின்றன. இருக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. முடிவு உங்களுடையது.

இப்படிக்கு,
பணிக்குழு