டானிக் பாட்டிலில் இல்லாத ஒரு வரி

கால்நடை மருந்துகளுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோழிகளுக்கு ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கொடுக்கும் லசோட்டா உயிருள்ள வைரஸ் தடுப்பு மருந்து, துளி குளோரின் பட்டாலும் வீணாகிவிடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன பேட்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா. குஞ்சுகளுக்கு ஒன்றரை மணி நேரம் தண்ணீரை நிறுத்தி, குளோரின் கலக்காத நீரில் பால்பவுடர் கரைத்து, ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, தண்ணீருக்கு உள்ளேயே திறந்தேன். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசியில் அதிலேயே 'எதிர்ப்புச் சக்தி' டானிக் ஒரு மூடி ஊற்றினேன். கலக்கக் கூடாது என்று பாட்டிலில் போடவில்லை. கலக்கலாம் என்றும் போடவில்லை.

நான்காம் வாரம் பச்சைக் கழிச்சல், அப்புறம் கழுத்து முறுக்கல்: அதே ராணிக்கெட்டின் அறிகுறிகள். டானிக் விற்றவர், தடுப்பு மருந்து கெட்டிருக்கும் என்றார். தடுப்பு மருந்து விற்றவர், டானிக் கெடுத்திருக்கும் என்றார். குஞ்சுகள் செத்ததில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த டானிக்குகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. வைட்டமின் ஈ, செலினியம், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது. லெவாமிசோல் குடற்புழு மருந்து. அளவோடு கொடுத்தால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும், அளவு மீறினால் அதுவே அமுக்கிவிடும். அதனால்தான் கேட்கிறேன்: உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது, தடுப்பு மருந்துக்கு எத்தனை நாள் முன்னே பின்னே கொடுக்கலாம், ஒரே தண்ணீரில் கலக்கலாமா என்று லேபிளில் போட வையுங்கள்.

இப்போது லேபிளில் இருப்பது பயில்வான் மாதிரி மார்பை நிமிர்த்திய ஒரு சேவல். கம்போரோ என்னும் வைரஸ் நோய் வந்து எதிர்ப்புச் சக்தி உறுப்பையே அரித்த குஞ்சுக்கும் ஒரு மூடி, பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற குஞ்சுக்கும் அதே ஒரு மூடி. தீவனத்தில் உள்ள பூஞ்சை நஞ்சைச் சோதிக்கச் சொல்ல ஆள் இல்லை, டானிக் கொண்டுவர மட்டும் வாரம் ஒருவர் வருகிறார். அந்தச் சேவலுக்கே ஒரு மூடி கொடுத்துப் பார்த்தார்களா, தெரியவில்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் உடனே முடியாவிட்டாலும், முதலில் கேட்பது ஒரு வரிதான். தடுப்பு மருந்தோடு சேர்க்கலாமா, கூடாதா என்று பாட்டிலில் எழுத வையுங்கள். அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குவதற்குள் பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கோழிப்பண்ணைக்காரன்