மெக்கன்சியில் ‘இசட்’ எப்படி வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், அவருடைய குடும்பப் பெயருக்குக் ‘கென்சி ஊர்க்காரர்’ என்று போகிற போக்கில் பொருள் சொல்லியிருக்கிறீர்கள். அது ஊர்ப்பெயர் அல்ல, ஆள் பெயர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மாக்’ என்றால் மகன். கொஞ்ஞாக் என்பவரின் மகன் ‘மாக் கொஞ்ஞிக்’. பெண்ணானால் ‘நிக் கொஞ்ஞிக்’. கொஞ்ஞாக் என்றால் அழகன்.

ஆங்கிலத்தில் Mackenzie என்று எழுதும் இப்பெயருக்குள், கேலிக்கில் இல்லாத இசட் ஒலி எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான கதை. நம் ‘ஞ’ ஒலியைப் பழைய ஸ்காட் எழுத்தர்கள் ‘என்’னுக்குப் பின் ‘யோக்’ என்றோர் எழுத்தைச் சேர்த்துக் காட்டினார்கள். பார்வைக்கு 3 என்ற இலக்கம்போல, வால் நீண்டு இருக்கும். கையெழுத்தில் அதற்கும் வாலுள்ள இசட்டுக்கும் வேறுபாடு தெரியாது. 1508இல் எடின்பரோவில் அச்சு தொடங்கியபின், யோக்குக்குத் தனி அச்செழுத்து இல்லாத இடங்களில் இசட்டையே கோத்தார்கள். பிறகு வந்தவர்கள் அச்சில் கண்டபடி வாசித்துவிட்டார்கள். தமிழின் ழகரத்தை ஆங்கிலத்தில் ‘இசட் எச்’ என்று எழுத, வடக்கே அதை ‘ஜ’ என்று படிக்கிறார்களே, அதே விபத்து! இதே யோக் இருந்த மென்சீஸ் (Menzies) என்ற பெயர் ஓரளவு தப்பியது. அதை ஸ்காட்லாந்தில் பலர் இன்றும் ‘மிங்கிஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் ராபர்ட் மென்சீசுக்கு ‘மிங்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான்.

மெக்கன்சி என்றால் ‘கென்னத்தின் மகன்’ என்று சொல்வதும் பாதி சரிதான். கொஞ்ஞாக்கை ஆங்கிலத்தில் கென்னத் ஆக்கினார்கள். ஆனால் எல்லாக் கென்னத்தும் கொஞ்ஞாக் அல்ல. 9ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசர் கென்னத் மக்கால்பினின் கேலிக் பெயரோ முற்றிலும் வேறு.

காலின் பிறந்த ஸ்டோர்னோவே, ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில் உள்ளது. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் (ஹைலேண்ட்ஸ்) கின்டெயில் பகுதி மெக்கன்சித் தலைவர்கள் 1610இல் அத்தீவைக் கைக்கொண்டார்கள். நிலத்தலைவரின் பெயரைக் குடியானவர்களும் சூடிக்கொள்வது மேட்டுநில வழக்கம் என்பதால், மெக்கன்சிகள் எல்லோரும் ஒரே குருதி என்று கொள்ள முடியாது. மெக்கன்சிகள் அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்ப வழி வந்தவர்கள் என்ற குலக்கதையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

பழைய ஆவணங்களில் இப்பெயரைத் தேடுவோர் தடுமாறும் இடம் எழுத்துக்கூட்டல். ‘எம்.ஏ.சி.’, ‘எம்.சி.’, எம்மும் மேற்குறியும் என மூன்று விதமாகவும் பார்க்க வேண்டும். இசட் இருக்கும் இடத்தில் ‘ஒய்’ போட்டும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புகளின் அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவேடுகள். அவற்றில் மணமான பெண்ணைப் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பார்கள். கணவர் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கமாட்டார்.

— ஒரு வாசகர், திருச்சி