புலிமுகச் சிலந்தியென்று அடிக்கும் முன் காலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கியதும் வழமைபோல எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் "புலிமுகச் சிலந்தி, கவனம்" என்று, கடித்தால் விஷமான அந்தப் பெரிய மயிர்ச் சிலந்தியைப் பற்றி ஒரு படம் சுற்றத் தொடங்கிவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் கரப்பான் தின்னும் சாதாரண வீட்டுச் சிலந்தி, அதுவும் வயிற்றடியில் வெள்ளை வட்டமாக முட்டைப்பையைக் காவிக்கொண்டிருக்கிற பெண், தும்புத்தடியால் அடித்துக் கொன்றுவிட்டுத்தான் படமே எடுத்திருக்கிறார்கள். எங்கள் அம்மம்மா இருந்தவரை அதை அடிக்க விடவே மாட்டார்.

வீட்டுச் சிலந்தி மண்ணிறம், தட்டையான உடம்பு, கால்களை நண்டுபோலப் பக்கவாட்டில் பரப்பிச் சுவரோடு ஒட்டியிருக்கும், லைட்டைப் போட்டால் ஓடி ஒளியும். புலிமுகச் சிலந்திக்குத் தடித்த மயிர்க்கால்கள், முதுகில் மரப்பட்டைபோலச் சாம்பலும் கறுப்புமாகக் கோலம். சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கும், அப்போது அடிப்பக்கத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரியும். அந்த மஞ்சளைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள்.

புலிமுகச் சிலந்தி உண்மையில் பழைய மரப்பொந்துகளில் வாழ்கிற பிராணி. நாங்கள் மரத்தைத் தறிக்கத் தறிக்க அது கூரைக்குள் வருகிறது. மாங்குளத்துக்குக் கிட்ட கண்டுபிடிக்கப்பட்டு 2012 இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டதே, காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும் என்றார்களே, அந்தப் புலிமுகச் சிலந்தி இனத்தில் சிலதை வைத்தியசாலையின் வைத்தியர் விடுதிக் கட்டடத்திலேயே கண்டார்கள். போருக்குப் பிறகு ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது.

சரி, கடித்துவிட்டால்? புலிமுகச் சிலந்தி கடித்து ஆள் செத்ததாகப் பதிவில்லை, ஆனால் லேசான விஷயமும் இல்லை. கடித்த இடம் வீங்கிக் கடுக்கும், அப்புறம் தசைப்பிடிப்பு வரும், சிலருக்கு நாட்கள் கழித்தும் திரும்ப வரும். பாம்புக்கடிக்கு இருப்பதுபோல விஷமுறிவு மருந்து இதற்கு இல்லை, நோவுக்கும் பிடிப்புக்கும்தான் வைத்தியம். ஆகவே கடிவாயை வெட்டுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலந்தி ஓடிவிடுவதற்குள் போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் வைத்தியருக்கும் உதவும்.

ஞாயிறு பதிப்பில் இரண்டு சிலந்திகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில், கலரில், பெரிதாகப் போடுங்கள். வெட்டி எடுத்துக் குசினிக் கதவில் ஒட்டிவைக்க எனக்கு ஒன்று வேண்டும்.

ஒரு வாசகி,
கிளிநொச்சி