ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாத வீடு

தம்பி,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "எதுக்கு ஆத்தா இதெல்லாம்" என்று ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். காரைக்குடி பக்கத்துப் புதுவயலுக்கு அந்தப் பக்கம், ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே போனால் ஒரு பழைய ஓட்டு வீடு, அதைச் சுற்றி 3 ஏக்கர் 40 சென்ட். வாங்கிவிட்டேன். போன புதன்கிழமை பத்திரம் பதிவாகிவிட்டது, என் பெயரில். டெபாசிட் இரண்டை உடைத்தேன். என் கல்யாணத் தாலி நகை, கழுத்திரு, லாக்கரில்தான் இருக்கிறது, பயப்படாதே.

உன் அப்பச்சி, என்னைக் கட்டியவர், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று கேட்டார். சரி, ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அரண்மனை மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று நீ கேட்பாய். அந்த அரண்மனையில் நமக்குப் பதினொன்றில் ஒரு பங்கு. முகப்புத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது? இரண்டாம் கட்டில் ஒழுகுகிறது, ஓடு மாற்றலாம் என்றால் சென்னையில் இருக்கிற பங்காளி யோசிக்கணும் என்கிறார், மலேசியாவில் இருப்பவர் போனே எடுப்பதில்லை. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும் எல்லாரும் வந்து, சாப்பிட்டு, ஒழுகுவதைப் பற்றி ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போவார்கள். போன தையில் முற்றத்து வளவில் காலண்டர் மாட்ட நான் ஓர் ஆணி அடித்ததற்கு யாரைக் கேட்டு அடித்தாய் என்று கேள்வி வந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் இடம் தேட ஆரம்பித்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

வீடு பெரிசெல்லாம் இல்லை. செம்புறாங்கல் சுவர், முன்னால் ஒரு திண்ணை, ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் அடுப்படி. மேலே நாட்டு ஓடு, பனஞ்சட்டம். சட்டம் பாதி கரையான் தின்றது போக மீதி நன்றாக இருக்கிறது. பழைய கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் நிற்கும் ஆச்சி, கூரையைப் பிரித்துப் போடுங்கள் என்றார். இதை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று சொன்ன இஞ்சினியரை அப்புறம் கூப்பிடவில்லை.

தரகர் 4 ஏக்கர் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். பட்டாவில் 1 ஹெக்டேர் 37.50 ஏர்ஸ் என்று இருந்தது, அதாவது 1.375 ஹெக்டேர், 2.47-ஆல் பெருக்கிப் பார்த்தால் 3 ஏக்கர் 40 சென்ட்தான் வருகிறது. மீதி 60 சென்ட் எங்கே என்று சர்வே எல்லை காட்டும் புலப்படத்தை வைத்துக்கொண்டு நடந்தால், கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வரத்துக்கால். அது புறம்போக்கு, யாரும் விற்க முடியாது, வாங்கவும் முடியாது. கோடையில் காய்ந்து தரையோடு தரையாகக் கிடந்ததால் வயலோடு சேர்த்துக் காட்டிவிட்டார். நான் அந்த 60 சென்ட் காசைக் கழித்துத்தான் விலை பேசினேன். வண்டிப்பாதை கிராம வரைபடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டேன், இருக்கிறது.

நாலு மாதம் இழுத்தது எதில் என்றால், பட்டா இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தது. பையன்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம், போதும் என்றார்கள். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவளுக்கும் பங்கு உண்டே, அவள் கையெழுத்தில்லாமல் நான் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பங்கு வீட்டில் இருந்து தப்பி வந்து இன்னொரு பங்குச் சண்டையை விலை கொடுத்தா வாங்குவது? அந்தப் பெண் வந்து போட்டாள், போகும்போது கொல்லையில் இருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வில்லங்கம் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சுத்தம். முத்திரைக்கு 7, பதிவுக்கு 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் தனியாகப் போயிற்று, அதைக் கணக்கில் வைக்காமல் இருந்ததில் கொஞ்சம் முழித்தேன்.

நிலத்தைப் பற்றிப் பெரிய கனவெல்லாம் இல்லை. ஒன்றரை ஏக்கரில் தைலமரம் போட்டு வெட்டியிருக்கிறார்கள், வேரோடு எடுக்காவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொண்டே இருக்கும், அதற்கு ஜேசிபிக்காரரிடம் பேசியிருக்கிறேன். மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டு, ஆனால் இணைப்பும் அந்தப் பெரியவர் பெயரில், மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துத்தான் எதையும் போடுவது. கடலை போடலாம் என்றேன், பக்கத்துத் தோட்டத்து அம்மா சிரித்தாள். மயிலுக்கா போடுறீங்க என்றாள்.

அப்புறம், இதை உன் பெயரில் ஏன் வாங்கவில்லை என்று மனதில் வைக்காதே. வெளிநாட்டில் இருக்கிறவரைக்கும் விவசாய நிலமோ பண்ணை வீடோ நீ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதியில் இடமில்லை, நான் தானமாக எழுதித் தரவும் முடியாது. எனக்குப் பிறகு வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவசரமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீச்சல் குளம், ஹோம் ஸ்டே என்று ஏதும் யோசனை அனுப்பாதே. காசும் அனுப்பாதே, வரும்போது தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று வாங்கி வா, ராத்திரி பாம்பு நடமாட்டம் இருக்கிறது.

போன ஞாயிறு கூடத்தில் காலண்டர் மாட்டினேன். காரை உதிர்ந்து முதல் ஆணி விழுந்துவிட்டது. ஒரு சாண் தள்ளி அடித்தேன், நின்றது. அப்பச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சர்வேயர் கல் ஊன்ற வருகிறார். அன்றைக்குப் போன் பண்ணாதே, அங்கே டவர் கிடைக்காது.

ஆத்தா