பின்வளவைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்

மேற்குச் சிட்னியில் பெண்டில்ஹில், டூங்காபி, வென்ட்வேர்த்வில் பக்கம் பெரிய காணியோடு வீடு வைத்திருக்கும் எங்கள் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

பழைய வீட்டை இடித்துப்போட்டு டூப்ளெக்ஸ், அதாவது ஒட்டினாற்போல் இரண்டு வீடு, கட்டுவதுதான் இப்போது கோயிலிலும் கலியாண வீட்டிலும் கதை. 2024 ஜூலையிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் அரசும் ஒரு காணியில் இரண்டு வீட்டுக்கு வழியை அகலத் திறந்துவிட்டது. கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் மகளும் மருமகனும் சிட்னியில் ஒரு வீடு வாங்கப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கேட்பது பின்வளவுக்காக.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது ஏஜென்ட் 'கால் ஏக்கர்' என்றார். ஊர்க் காணி அளவில் நாலு பரப்பு என்று மனது உடனே கணக்குப் போட்டது. ஊரில் நாலு பரப்பென்றால் வீடு, கிணறு, மா, பலா, தென்னை எல்லாம் அடங்கிவிடும். இங்கே முன்னுக்குச் சின்ன ஃபைப்ரோ (சீமெந்துத் தகடு) வீடு. பின்னுக்குப் புல்லும் துணிக்கொடியும். பக்கத்து வளவில், வேலியோரமாக, ஒரு பெரிய யூக்கலிப்டஸ். வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. அந்தப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு அம்மா எலுமிச்சம்பழம் தருவார், நான் முருங்கைக்காய் கொடுப்பேன். எப்படிச் சமைப்பதென்று கேட்டுக் கேட்டே எங்களுக்குள் பழக்கம் வந்தது.

2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் வெயில் 48.9 பாகை. எங்கள் பக்கமும் நெருப்புத்தான். பின்னேரம் மின்சாரம் நின்றுபோக, இரண்டு வீட்டு ஆட்களும் அந்த மரத்தின் கீழ் ஈரத் துவாயோடு இருட்டும்வரை இருந்தோம்.

அந்த அம்மா வளவை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர்கள் எங்கள் ஆட்கள்தான், நல்ல பிள்ளைகள். மரம் ஒரே காலையில் போய்விட்டது. வேலி தொடங்கி வேலிவரை இப்போது கொங்கிரீட். மேற்கு வெயில் நேரே எங்கள் குசினிச் சுவரில் விழுகிறது. இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. இந்தப் பக்கம் களிமண், தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும். குடிக்க மண்ணே இல்லையென்றால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? கொஞ்சம் வேலிக்குக் கீழால் எங்களிடம் வருகிறது. மிச்சம் தெருக் கானால் டூங்காபி ஓடைக்குப் போகிறது. பெருமழைக்கு அந்த ஓடை எவ்வளவு கெதியாக ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, பிளான் கீறுபவரிடம் போக முதல் ஒருக்கால் பின்வளவில் போய் நில்லுங்கள். வீட்டை முன்னுக்குத் தள்ளி, மாடியாக உயர்த்தினால் பின்னால் மண் ஒரே துண்டாக மிஞ்சுமா என்று கேளுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவேலி போடும்போது மரம் அந்த எல்லையில் நிற்கலாமா என்று கேளுங்கள். முழுவதும் கொங்கிரீட் போட்டால் துப்புரவாக இருக்கும் என்ற எண்ணத்தை மட்டும் விடுங்கள். எங்கள் ஆட்களிடம் அது கூடிப்போய்விட்டது.

யூக்கலிப்டஸ் நின்றால் இன்னும் யோசியுங்கள். ஆதிக்குடிகளான டாருக் மக்களின் இந்த மண்ணில் இருந்த கம்பர்லாந்து சமவெளிக் காட்டை, அழிவின் விளிம்பில் உள்ளதென்று 2009இலேயே மத்திய அரசு பட்டியலிட்டது. உங்கள் மூலையில் நிற்பது அதில் மிஞ்சிய ஒரு மரமாக இருக்கலாம். கன்று வைத்து அந்த நிழலைப் பார்க்க எங்கள் ஆயுள் போதாது.

ஏற்கனவே தறித்துவிட்டவர்களும் மனம் நோக வேண்டாம். என் வளவில் கறிவேப்பிலைப் பக்கக்கன்றுகள் நிறைய நிற்கின்றன. ஒரு முழம் மண் இருந்தாலும் போதும், வந்து கிண்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
டூங்காபியிலிருந்து உங்கள் அயலவர் ஒருவர்