மின்னேற்றம் கூடினால் பிரிப்பு கெடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாமாகவே அடுக்கிக்கொள்ளும் மின்னேற்ற உருண்டைகளைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, மின்னேற்றம் கூடக் கூட அவற்றைப் பிரிப்பதும் சுலபமாகும் என்கிறது. ஓர் அளவுக்கு மேல் நடப்பது நேர்மாறு.

முதலில் அடுக்கு. 3 மி.மீ. நைலான், டெஃப்லான் உருண்டைகளைச் சம எண்ணிக்கையில் அலுமினியத் தட்டில் இட்டுக் குலுக்கினால், உரசலில் நைலான் நேர்மின்னும் டெஃப்லான் எதிர்மின்னும் ஏற்று, சதுரங்கக் கட்டம்போல் மாறி மாறி அமரும். 2003-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஒயிட்சைட்ஸின் குழு காட்டியது இதைத்தான். செய்து பார்ப்பவர்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது ஈரம். நைலான் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும். 60 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, விரல் படாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். தட்டு ஓர் உருண்டையைப் பிடிக்கும் விசையும் பக்கத்து உருண்டை பிடிக்கும் விசையும் ஏறக்குறைய சமம். அதனால் மெதுவாகக் குலுக்கினால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வேகம் மிஞ்சினால் சேர்ந்தவையும் சிதறும்.

இனி பிரிப்பு, அதாவது நைலானையும் டெஃப்லானையும் தனித்தனிப் பெட்டிகளில் சேர்ப்பது. 10 செ.மீ. இடைவெளியில் செங்குத்தாக இரு உலோகத் தகடுகள், அவற்றுக்கிடையே 20 கிலோவோல்ட் (மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியருக்குள் கட்டுப்படுத்திய கருவி மட்டுமே). உருண்டைகள் இடையே விழும்; கீழே இரு பக்கமும் நடுவிலும் பெட்டிகள். 0.1 நானோகூலும் (கூலும் மின்னேற்றத்தின் அலகு) ஏறிய உருண்டையைத் தகடுகளுக்கிடையிலான மின்புலம் 20 மைக்ரோநியூட்டன் விசையால் இழுக்கும். 30 செ.மீ. விழுவதற்குள் நைலான் ஒரு பக்கம் சுமார் 4 செ.மீ. விலகும், ஏறக்குறைய இரு மடங்கு கனமான டெஃப்லான் மறுபக்கம் 2 செ.மீ. விலகும். ஒட்டிக்கொண்டு விழும் ஜோடியின் பிடி 10 மைக்ரோநியூட்டன்தான், பிய்ந்துவிடும்.

மின்னேற்றத்தை 0.3 நானோகூலும் ஆக்குங்கள். புலத்தின் இழுவை மூன்று மடங்காகி 60. ஜோடியின் பிடியோ ஒன்பது மடங்காகி 90! இரண்டும் சமமாகும் திருப்பம் 0.2 நானோகூலும் அருகில். பிரியாத ஜோடியின் நிகர மின்னேற்றம் பூஜ்யம் என்பதால் நேராக நடுப்பெட்டியில் விழும். மூன்றாய் ஒட்டியவை அதைவிட மோசம்: இரண்டு நைலான் சேர்ந்து ஒரு டெஃப்லானைத் தம் பெட்டிக்கே இழுத்துப்போகும்.

மின்னழுத்தத்தைக் கூட்டலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. காற்று செ.மீ.க்கு 30 கிலோவோல்ட் தாங்கும் என்பது வழவழப்பான பரப்புக்கு. தகட்டின் கூரிய ஓரத்தில் அதற்கு வெகு முன்பே மின்கசிவு தொடங்கி, வெளிவரும் அயனிகள் உருண்டைகளின் மின்னேற்றத்தையே மாற்றிவிடும். ஓரங்களை உருட்டிவிட்டு, அதிரும் சரிவு வழியாக உருண்டைகளை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு உள்ளே விடுவதே பலன் தரும். நடுப்பெட்டியில் சேர்வதை மீண்டும் மேலே கொட்டுவதற்கு முன், நிலத்தொடுப்புள்ள உலோகத் தட்டில் பரப்பி, நேர், எதிர் அயனிகளை ஊதும் விசிறியின் முன் சற்று வைத்தால் மின்னேற்றம் வடிந்து கட்டுகள் அவிழும். பிறகு புதிதாக உரசி விடலாம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆய்வகப் பணியாளர்கள்