செம்பவளம்னு அச்சடிக்கறதுக்கு முன்னாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல "கொரியாவை ஆண்ட தமிழ் இளவரசி செம்பவளம்"னு ஒரு பக்கம் முழுக்க வந்திருந்ததப் படிச்சேன். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியா கம்பெனில பதினோரு வருஷமா வேலை பாக்கறேன், எங்க மேனேஜர் கிம்ஹே கிம் வம்சத்துக்காரர் (கிம்ஹே ஊர் பேரு, கிம் குடும்பப் பேரு), அந்த ராணியோட வழின்னு சொல்லிக்கறவர். கான்டீன்ல பேப்பரக் காட்டினேன். அவர் போன எடுத்து கிம்ஹே ஊர்ல ராணி சமாதி பக்கத்துல இருக்கற பாசா கல் கோபுரத்தோட போட்டோவக் காட்டினாரு. கோபுரம்னதும் நம்ம ஊர் மாதிரி நெனச்சிராதீங்க, லேசா சிவப்பு ஓடுன கரடுமுரடான கல்லுங்கள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினது, அவ்வளவுதான். மூலையெல்லாம் உடைஞ்சிருக்கு, கடலுக்குப் போறவங்க அலை அடங்கணும்னு சில்லு பேத்து எடுத்துட்டுப் போனதால அப்படி ஆச்சாம். கப்பல் கவிழாம இருக்க ராணி கொண்டுவந்த கல்லாச்சே.

கதைக்கு ஆதாரம் சம்குக் யூசாங்கற பழைய கொரியப் புஸ்தகம், 13ம் நூற்றாண்டு கடைசில இர்யோன்ங்கற பிக்கு தொகுத்தது. கி.பி. 48ல 16 வயசுப் பொண்ணு சிவப்புப் பாய் கட்டின கப்பல்ல வந்து இறங்குறா, உடுத்தியிருந்த பட்டுக் கால்சட்டையக் கழட்டி மலை தெய்வத்துக்குக் காணிக்கை வெக்கிறா, அப்புறம் அங்க காயா நாட்ட ஆண்ட சுரோ ராஜாகிட்ட நான் ஆயுத்த நாட்டு இளவரசி, பேரு ஹோ ஹ்வாங் ஓக்ங்கறா. இந்தப் பகுதியே 1070கள்ல கிம்ஹேல இருந்த ஒரு அதிகாரி எழுதினதச் சுருக்கி எடுத்ததுதான், அப்படிப் பாத்தாலும் சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் கெடக்கு.

ஹ்வாங்னா மஞ்சள், ஓக்னா ஜேட் கல்லு. செம்பவளம் சிவப்பு, கடல்ல விளையறது. நெறமும் ஒத்துவரல பொருளும் ஒத்துவரல, அப்புறம் எப்படிங்க அது அவ பேருன்னு தலைப்புல போடறீங்க? ஆயுத்தங்கறது அயோத்தின்னு சொல்லி அங்க சரயு கரைல 2001லயே நினைவுச்சின்னம் வெச்சாங்க, 2018 தீபாவளிக்கு கொரிய அதிபரோட மனைவி கிம் ஜங் சூக்கே வந்தாங்க, ஆனா அந்தக் காலத்துல அந்த ஊருக்கு சாகேதம்னுதான் பேரு. நம்மாளுங்க கன்னியாகுமரி பக்கம் ஆய் நாடுங்கறாங்க, சுரோ சமாதி வாசல்ல இருக்கற ரெட்டை மீன் பாண்டியர் மீனுங்கறாங்க, அந்த வாசல் ஜோசன்ங்கற பிற்கால அரச வம்சத்தோட ஆட்சில கட்டினது, ராணிக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தினது. கொரியாக்காரங்களும் அப்பாவ அப்பான்னுதான் கூப்பிடறாங்க, கேக்கறப்ப எனக்கும் மனசு நெறையுது, 1905லயே ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதியிருக்காரு, ஆனா அதுலேர்ந்து ஒரு ராணி கப்பலேறிப் போனான்னு வராதே.

கட்டுரைல வராத விஷயம் ஒண்ணு சொல்றேன். ராணிக்குப் பத்து பிள்ளைங்க, அதுல ரெண்டு பேருக்குத் தன் ஹோ பேர வெக்கச் சொல்லி ராஜாகிட்டக் கேட்டு வாங்கினாளாம். அதனால கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் பங்காளிங்க, பொண்ணு எடுக்கறதில்ல குடுக்கறதில்ல. எங்க மேனேஜருக்கு ஹோ வீட்டு வரன் வந்தப்ப கிம்ஹே ஹோவான்னு அவங்கப்பா கேட்டாராம், ஆமான்னதும் பேச்ச நிறுத்திட்டாராம். ஒரே வம்சத்துக்குள்ள கட்டக்கூடாதுங்கற சட்டத்த 1997ல அவங்க அரசியல் சாசன கோர்ட் செல்லாதுன்னு சொல்லிருச்சு, வீட்ல பழக்கம் மட்டும் போகல. நாப்பது லட்சத்துக்கு மேல ஆளுங்க இருக்கற வம்சம். அவங்க கும்பிடற பாட்டிக்கு நாம நம்ம இஷ்டத்துக்குப் பேர் வெக்கறது எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கு.

வெளிநாட்டு வழின்னு சொல்ற வம்சம் இன்னும் இருக்கு. ஹ்வாசான் லீ வம்சத்துக்காரங்க வியட்நாமோட லீ அரச குடும்பம்ங்கறாங்க, 1220கள்ல ஆட்சி கைமாறினதும் லீ லாங் துவோங்னு ஒரு இளவரசர் கடல் வழியா தப்பிச்சு வந்தாருன்னு. அங்க ஆட்சி கைமாறினது வியட்நாம் வரலாறுலயே இருக்கு, 1990கள்ல வாரிசுங்க போனப்ப அந்த நாடே வரவேற்றுச்சு. நம்ம பக்கம் அப்படி என்ன இருக்கு, சங்கப் பாட்டுல ஒரு வரி காட்ட முடியுமா?

அடுத்த தடவ இந்தக் கதை போட்டா "சம்குக் யூசா இப்படிச் சொல்லுது"ன்னு போடுங்க, ஹோ ஹ்வாங் ஓக்னு அவ பேரையே போடுங்க. அந்தக் கல் கோபுரத்தோட படமும் கூட இருந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்